வீட்டிலேயே எங்களைப் படிக்க வைத்த அப்பா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுத அம்மா என்னைத்தான் பணித்தார்கள். உங்களில் பலருக்கு அப்பா பட்டாளத்துக்காரர். எனக்கும் தம்பிக்கும் அவர் அப்பாவாகவும் வாத்தியாராகவும் இருந்தவர். அந்த வீட்டுப் படிப்பைப் பற்றி உங்களுக்குள் பலவிதமான பேச்சு இருந்தது எங்களுக்குத் தெரியும். நடந்ததை நடந்தபடி சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

அப்பா பிறந்தது திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் கூலி வேலை என்று இருந்த வீட்டில் இளைய மகன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ராணுவத்தில் சேர்ந்தார். பனி மலையிலும் பாலைவனத்திலும் காவல் நின்றார். அம்மாவைத் திருமணம் செய்த பிறகு இலஞ்சியில் வீடு கட்டினார். அம்மா தென்காசியில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் ஏதாவது வங்கியில் காவலர் வேலைக்குச் சேர்வதாகத்தான் திட்டம்.

அந்தச் சமயத்தில்தான் தம்பிக்கு வலிப்பு வர ஆரம்பித்தது. அப்போது அவன் மூன்றாம் வகுப்பு. நான் அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. காலைப் பிரார்த்தனையின்போது எல்லோர் முன்னாலும் விழுந்தான். இரண்டாவது முறை வகுப்பில் விழுந்தபோது சிறுநீர் போய்விட்டது. அதற்குப் பிறகு சில பையன்கள் அவனைக் கண்டால் கையைக் காலை இழுத்துக் காட்டினார்கள். அவர்களில் ஒருவனை நான் அடித்தேன். பள்ளியிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டு, "மத்த பிள்ளைங்க பயப்படுதாங்க சார். குணமானப்புறம் கூட்டிட்டு வாங்க" என்றார்கள்.

வேறு பள்ளிகளுக்கும் அப்பா அலைந்தார். ஆனால் காலையில் சீருடையைப் பார்த்தாலே தம்பி வாந்தி எடுத்தான். ஒருநாள் அப்பா அந்தச் சீருடையை மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, "இவன் வீட்டுலயே படிக்கட்டும். நான் சொல்லிக் குடுக்கேன்" என்றார். நானும் போகமாட்டேன் என்று அழுது அடம் பிடித்தேன். அம்மா வெகுநேரம் யோசித்து, "ஒரு வருசம் பாப்போம்" என்றார்கள்.

சேதி கேட்டு ஊரிலிருந்து பெரியப்பா கிளம்பி வந்துவிட்டார்.

"ஏலே, ஒனக்குப் புத்தி பெசகிட்டா? பொண்டாட்டி வேலைக்குப் போறா, நீ வீட்டுல ஒக்காந்து பிள்ள பாக்க. பொட்டப்பிள்ள படிப்பையும் கெடுத்து வச்சா யாரு கட்டுவா?"

"பள்ளிக்கூடம்னாலே இவன் வாந்தி எடுக்கான் அண்ணே. மொதல்ல அது நிக்கட்டும்" என்றார் அப்பா.

பெரியப்பா காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார். அதன்பின் நல்லது கெட்டதுக்கு வருவார், போவார். எங்கள் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

முதல் சில மாதங்கள் நன்றாகப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் பட்டாள ஒழுங்கு. விடியும் முன் விசில் ஊதுவார். கூடத்தில் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்து வாய்ப்பாடு கேட்பார். தப்பாகச் சொன்னால் குரல் உயரும். தம்பி மறுபடியும் அழ ஆரம்பித்தான். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா ஒருநாள் வாசலில் நின்றபடியே கேட்டார்கள்: "வீட்டுக்குள்ளயும் இதே பள்ளிக்கூடந்தான்னா, எதுக்கு அங்கன இருந்து எடுத்தீய?"

அன்று பாடம் எதுவும் நடக்கவில்லை. மறுநாள் விசில் சத்தமும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் நாட்கள் இப்படித்தான் போயின. அம்மா வேலைக்குப் போனதும் அப்பா சமையலைத் தொடங்குவார். அவர் காய் நறுக்க, நாங்கள் மாறி மாறிச் செய்தித்தாளைச் சத்தமாக வாசிப்போம். புரியாத சொல் வந்தால் நிறுத்தச் சொல்வார். அவருக்கும் தெரியாவிட்டால் தம்பி அகராதியைத் தூக்கிக்கொண்டு வருவான். சாப்பிட்டு முடித்ததும் கணக்கு. அதற்கு மட்டும் தப்பிக்க வழியில்லை. மத்தியானம் அப்பா கொஞ்சம் கண்ணயர்வார். அந்த நேரம் முழுக்க எங்கள் இஷ்டம். நான் கதைப் புத்தகத்தோடு கிடப்பேன். தம்பி கொல்லையில் மண்ணைக் கிளறி எதையாவது நட்டுக்கொண்டிருப்பான். சாயங்காலம் தெருப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பிய பின் அவர்களோடு விளையாட்டு. தம்பியும் விளையாட வேண்டும் என்பதில் அப்பா உறுதியாக இருந்தார். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும், வாயில் எதையும் திணிக்காமல் இருக்கவும், கையில் இரும்பைக் கொடுக்காமல் இருக்கவும் அம்மா அந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் செய்து காட்டியிருந்தார்கள். அவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொன்னார்கள்.

அப்பாவிடம் எனக்கு மிகவும் பிடித்தது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் குணம். சூரியகாந்தி வெயிலோடு திரும்புமா என்று தம்பி ஒருமுறை கேட்டான். "எனக்குத் தெரியாதுலே. போய்ப் பாப்போம்" என்று புளியோதரையைக் கட்டிக்கொண்டு எங்களைச் சுந்தரபாண்டியபுரத்துக்குக் கூட்டிப் போனார். படம் எடுக்க வந்தவர்கள் வந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் பொழுது சாயும் வரை வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தோம். மலர்ந்த பூக்கள் கிழக்கைப் பார்த்தபடியே நின்றன. மொட்டுகள் மட்டும் மெல்லத் திரும்பியிருந்தன. அதைக் கண்டுபிடித்தவன் தம்பி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேருந்தில் அவன்தான் பேசினான்.

தம்பிக்கு இன்னொரு ஆசை இருந்தது. சாரல் காலத்தில் ஊரே அருவிக்குப் போகும்போது அவனை மட்டும் தண்ணீர்ப் பக்கம் யாரும் விடமாட்டார்கள். தம்பிக்கு வைத்தியம் பார்த்துவந்த மருத்துவரிடம் அப்பா இதைக் கேட்டார். கூட்டமும் வேகமும் இல்லாதபோது, பெரியவர் ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டால் குளிக்கலாம் என்றார் அவர். ஒரு வாரநாள் காலையில், தண்ணீர் குறைவாக விழும்போது, ஐந்தருவிக்குப் போனோம். அப்பா தம்பியைப் பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு அருவிக்குள் நுழைந்தார்.

"அப்பா, விட்ராதிய!"

"விடலலே. கண்ணத் தொறந்து பாரு."

தம்பி கத்திச் சிரித்தான். துண்டோடு கரையில் நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத அந்த வாரநாள் காலைகள் அதன்பின் எங்களுக்குப் பலமுறை வாய்த்தன.

நான் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதினேன். அறிவியலும் ஆங்கிலமும் அப்பாவுக்கு எட்டவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் என்னை அனுப்பியவர், தாமும் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டார். நான் தேறி, மேல்நிலைப் படிப்புக்குப் பள்ளியில் சேர்ந்தேன். தம்பியின் முறை வந்தபோதுதான் சோதனை. கணக்குத் தேர்வின் நடுவில் அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது. அறையில் இருந்த கண்காணிப்பாளர் அம்மையார் அவனைத் தரையில் பக்கவாட்டில் கிடத்தி, கூட்டம் சேராமல் பார்த்துக்கொண்டு, வாசலில் நின்ற அப்பாவுக்கு ஆள் அனுப்பினார்கள். தெளிந்த பிறகு தம்பி பேனாவைக் கேட்டான். கை ஒத்துழைக்கவில்லை. அந்தப் பாடத்தில் தோற்றான்.

அதன்பின் பல நாள் யாரோடும் அவன் பேசவில்லை. "நான் இனிமே எழுதல" என்றான். உறவுக்குள் பலரும், "அப்பமே சொன்னோம்லா?" என்றார்கள். அப்பா தினமும் காலையில் காய் நறுக்க உட்கார்ந்து, செய்தித்தாளைத் தாமே சத்தமாக வாசித்தார். வேண்டுமென்றே தப்பாக வாசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் தம்பி, "அது அப்படி இல்லப்பா" என்று தாளைப் பிடுங்கினான். அடுத்த வாய்ப்பில் கணக்கை எழுதித் தேறினான்.

இன்று நான் மதுரையில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். தம்பி இலஞ்சியில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறான். அஞ்சல் வழியில் பட்டமும் படிக்கிறான். மாத்திரை தவறாததால் வலிப்பு அபூர்வமாகிவிட்டது.

அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது முற்றியிருந்தது. திருநெல்வேலியில் வைத்தியம் பார்த்தோம். பலன் இல்லை என்றானதும், "வீட்டுக்குப் போயிருவோம்" என்றார். படுத்த படுக்கையிலும் அவருக்கு ஒரே கவலை.

"நான் இல்லாட்டா அவன் மாத்திரய மறந்துர மாட்டாம்லா?"

"அவன் மறக்கல. நீங்கதான் ஒங்க மாத்திரய மறக்கீய" என்றார்கள் அம்மா. அப்பா சிரித்தார். நான் கேட்ட அவருடைய கடைசிச் சிரிப்பு அது. இரண்டொரு நாளில், அம்மாவின் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போய்விட்டார்.

இறுதிச் சடங்கன்று ஒரு பேச்சு எழுந்தது. தம்பி இரவெல்லாம் தூங்கவில்லை. தூக்கம் கெட்டால் வலிப்பு வரக்கூடும். "நெருப்புப் பக்கம் அந்தப் பையன விடாண்டாம். பெரியப்பா மகன் கொள்ளி வைக்கட்டும்" என்று பலரும் சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார்கள். தம்பி தலை குனிந்து நின்றான்.

அம்மா எழுந்து அவனிடம் போனார்கள். "மாத்திர போட்டியால?"

"போட்டுட்டேம்மா."

"அப்பம் எம்மவந்தான் வைப்பான்."

பெரியப்பாதான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "நான் அவங்கூட நிக்கேன். பொழுதாவுது, எடுங்க" என்றார்.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் என்னைத் தேடி வந்தார். "கை நடுங்கலட்டி அவனுக்கு. எனக்குத்தான் நடுங்கிச்சு" என்று சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார்.

அப்பாவின் கடைசி நாட்களில் வீடு தேடி வந்து ஊசி போட்ட அம்மாவின் சக செவிலியர்களுக்கும், எங்களுக்குச் சமைத்துக் கொடுத்த தெருக்காரர்களுக்கும், பந்தல் முதல் காரியம் வரை தோள் கொடுத்த அப்பாவின் பட்டாளத்து நண்பர்களுக்கும், பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் வீட்டிலோ உங்களுக்குத் தெரிந்த வீட்டிலோ ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் அதை மூடி மறைக்காதீர்கள். பயமாக இருந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இலஞ்சிக்கு வாருங்கள். காலை நேரத்தில் தம்பி பண்ணையில்தான் இருப்பான். உட்கார வைத்துப் பேசுவான்.

கண்ணீருடன்,
மகள்