அக்கா கேட்ட ‘ட்ரீட்டு’

ஆறிப்போன கறிக்குழம்பின் மேல் வெள்ளையாய்க் கொழுப்பு படியும்போது ஒரு மந்தமான வாசம் எழும். இத்தனை வயதாகியும் அந்த வாசம் பட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஆட்டையாம்பட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் தெருவில் அதுவரை ‘விருந்து’ இருந்தது, ‘கெடா வெட்டு’ இருந்தது, ‘சீரு’ இருந்தது. ‘ட்ரீட்டு’ கிடையாது. அந்தச் சொல்லை எங்கள் வீட்டுக்குள் கூட்டிவந்தவள் கவிதா அக்கா. பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்திருந்தாள். சேலத்தில் கல்லூரி சேரவேண்டும் என்பதைத் தவிர அந்தக் கோடையில் அவளுக்கு வேறு பேச்சில்லை. கூடப் படித்தவர்கள் ட்ரீட்டு கேட்கிறார்கள் என்றாள்.

“அதென்ன கண்ணு அது?” லாரி ஓட்டிக் களைத்துவந்து கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா கேட்டார்.

“சந்தோசம் வந்தவிய மத்தவியளுக்கு வாங்கிக் குடுக்கறதுங்கப்பா. ஆளுக்கொரு முட்டை பப்ஸு, ஒரு கலரு சோடா. அவ்வளவுதானுங்க.”

அவ்வளவுதான் அவள் கேட்டது. ஆனால் எங்கள் ஊரில் நாலு பேருக்குச் சோறு போட்டுப் பங்காளிகளை விட்டுவிட முடியுமா? “என்ற மவ மொதலாவதா வந்திருக்கறா, பப்ஸு குடுத்தா அனுப்பறது?” என்று அப்பாவும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பப்ஸ் புரோட்டாவாகி, புரோட்டா கெடாவாகி, வாசலில் பந்தல் முளைத்து, டீக்கடையில் முன்பின் தெரியாதவர்கள்கூட “ஏனுங்க, உங்கூட்டு ட்ரீட்டுக்கு எத்தன கெடாயிங்க?” என்று கேட்கும் அளவுக்கு அந்தச் சொல் ஊதிப் பெருத்தது. யாருக்காக ட்ரீட்டோ அவள் கையில் சோற்று வாளியைக் கொடுத்துப் பரிமாறச் சொன்னார்கள். அவளுடைய தோழிகளுக்குக் கடைசிப் பந்தி.

முதல் பந்தியின் தலைமாட்டில் அத்தை. அப்பாவுக்கு மூத்தவர், தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். அவர் மகன் ரிக் வண்டியில் போர்வெல் போட வடக்கே போயிருந்தான். பெரியவர்கள் இலையில் கை வைக்காமல் பந்தியில் யாரும் வைப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. அத்தை கையைக் கட்டிக்கொண்டார்.

“உண்ணுங்கக்கா,” என்றார் அப்பா.

“உங்கறேன் தம்பி. கவிதா எம் பையனுக்குத்தான்னு ஒரு வார்த்த சொல்லு, உங்கறேன்.”

“அவ படிக்கோணுங்கறாளுங்கக்கா.”

“படிச்சுப்போட்டு எங்கூட்டுக்கு வருவாளா? இப்பவே சொல்லு.”

பந்தி முழுக்க, பிசையாத சோற்றின் முன்னால் கைகள் காத்திருந்தன. நடுவிலிருந்து ஒருவர், “சொல்லிப்போடுங்க மச்சான், கொழுப்பு கட்டுதுங்கோ!” என்றார். சிரிப்பு எழுந்து அடங்கியது. தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்த நான் அப்பாவையே பார்த்தேன். அப்பா அக்காவைப் பார்க்கவில்லை. வரிசையாய்க் கிடந்த இலைகளைப் பார்த்தார்.

“உங்க மருமவதானுங்கக்கா. உண்ணுங்க.”

அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் இலையில் இறங்கிய சத்தம், மழை பிடித்ததுபோல் இருந்தது. அக்கா வாளியைக் கீழே வைக்கவில்லை. அத்தைக்கு மறுசோறு போட்டாள். கடைசிப் பந்தியில் உட்கார்ந்த தோழி ஒருத்தி, “ஏய், அப்ப கல்யாணத்துக்குத் தனி ட்ரீட்டுடீ!” என்று கூவினாள். ஆவணியில் கல்யாணம் நடந்தது. கல்லூரிப் பேச்சை அக்கா அதற்குப் பிறகு எடுத்ததே இல்லை.

‘ட்ரீட்டு’ கொடுப்பவரின் சொல் என்றுதான் அவள் நம்பினாள். எங்கள் ஊரில் அது கேட்பவரின் சொல். எவருக்கு நல்லது நடந்ததோ அவரைச் சூழ்ந்துகொண்டு, அந்த நல்லதிலிருந்து ஆளுக்கொரு பிடி அள்ளுவதற்கான சொல்.

இன்று அப்பா இல்லை, அத்தையும் இல்லை, வாசலில் பந்தி போடுவாரும் இல்லை. புது போனுக்கு ட்ரீட்டு, புது பைக்குக்கு ட்ரீட்டு என்று பைபாஸ் பிரியாணிக் கடைகளில் இளவட்டங்கள் நெரிகின்றன. சந்தோஷத்தை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் மட்டும் எங்கள் வீட்டில் அற்றுப்போயிற்று. இந்தக் கோடையில் அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பில் பெயில் என்ற சேதி சில வாரம் கழித்து என் காதுக்கு வந்தபோது பதறிப்போய் அக்காவைப் போனில் அழைத்தேன். பின்னால் பஸ் ஹாரன்.

“நாந்தான் அப்படிச் சொல்லிப்போட்டேன் கண்ணு. நல்ல மார்க்குத்தான். சேலத்துல காலேஜுல சேத்துப்போட்டு இப்பத்தான் பஸ்ஸு ஏறுனோம்.”

“பெயிலுன்னு எதுக்குக்கா சொன்னே?”

“பெயிலானவகிட்ட ஆரு ட்ரீட்டு கேப்பாங்க? துக்கம் விசாரிக்க வந்தவிய வாங்கியாந்த பழந்தான் தின்னு மாளுல.”

பக்கத்தில் அவள் மகள் கலகலவென்று சிரிப்பது எனக்குக் கேட்டது. அக்காவின் குரல் சட்டென்று தணிந்தது.

“சத்தமாச் சிரிக்காதடீ. நம்மூரு பஸ்ஸு இது.”