இந்தச் சுவர் புக்டு

என் மகளுக்குக் கிடைத்த முதல் எழுதுகோல் என்னுடைய கண் மை பென்சில். அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஹால் சுவரில், அவள் கை எட்டும் உயரத்தில், ஜன்னலில் தொடங்கிக் கதவுக்குக் கொஞ்சம் முன்னால் வரைக்கும் ஒரே கோடு. பென்சிலின் மிச்சத்தை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. கை எடுக்காமல் அவ்வளவு நீளம் கோடு இழுக்க என்னால்கூட முடியாது.

சுவர் எங்களுடையது இல்லை என்பதுதான் சிக்கல். செஞ்சியில் திண்டிவனம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே ஹவுஸ் ஓனர் அம்மா, மேலே நாங்கள் மூன்று பேர். குடிவந்த அன்று அவர் சொன்ன சட்டம் ஒன்றே ஒன்று. "செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது." அதனால் எங்கள் கல்யாண போட்டோ இன்றுவரை ஃபிரிட்ஜ் மேல் சாய்ந்து நிற்கிறது. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. காற்றடித்தால் நல்ல நேரமும் ராகு காலமும் சேர்ந்தே பறக்கும். வாடகைக்கு இருப்பவள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று நானும் இருந்தேன்.

நான் பிறந்தது மண்டகப்பட்டுப் பக்கம். அங்கே ஒரு ராஜா பாறையைக் குடைந்து கோயிலாக்கி, இது நான் செய்தது என்று அதிலேயே எழுதியும் வைத்திருக்கிறார். ஜனங்கள் வேன் வைத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவருக்கு ஹவுஸ் ஓனர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கோடுகளை அழிக்க ஊரே யோசனை சொன்னது. டூத் பேஸ்ட் போட்டுத் தேய்த்தேன். கோடு அப்படியே இருந்தது, சுவரில் மட்டும் புதினா வாசனை. பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்தேன். கோட்டோடு பெயிண்டும் உரிந்து வந்தது. சிலேட்டு வாங்கிக் கொடுத்தால் பலப்பத்தைத் தின்றாள். சுவரில் பெரிய சார்ட் பேப்பர் ஒட்டி, இதில் வரை என்றேன். பேப்பரில் ஒரு புள்ளிகூட வைக்காமல் அதைச் சுற்றி நாலு பக்கமும் வரைந்தாள். பொறுப்பான பிள்ளை, பேப்பரைப் பாழாக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள்.

என் கணவர் வல்லத்தில் ஒரு உரக்கடையில் வேலை பார்க்கிறார். சண்டை என்ற வாசனை வந்தாலே வண்டிச் சாவியைத் தேடுகிற மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் வெள்ளை பெயிண்ட் வாங்கிவந்து கிறுக்கல் மேல் அடித்தார். சுவர் சந்தன வெள்ளை, அவர் வாங்கியது பால் வெள்ளை. ஹாலுக்கு நடுவில் சதுரமாக ஒரு இடம் பளபளவென்று நின்றது. மகள் அதன் முன்னால் போய் நின்று எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தாள். தனக்கென்றே இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டாள். அன்று சாயங்காலமே திறப்பு விழா நடந்தது.

மறுநாள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போன ஓனர் அம்மா, திறந்திருந்த எங்கள் கதவு வழியாக அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா இது? வூடா, இன்னா இது? எம் வூட்டுக்காரரு பாத்துப் பாத்துக் கட்டனது."

"கொழந்ததாங்க. தொடச்சிட்றேன்."

"தொடச்சா போற மாதிரியா இருக்குது?"

சொல்லிக்கொண்டே குனிந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். "இன்னொரு தடவ கிறுக்குனன்னு வெச்சிக்கோ, கரண்டியக் காய வெச்சு இந்தக் கையிலயே சூடு வெச்சிடுவேன். தெரிதா?" பிறகு என்னிடம், "இப்டியே இருந்துச்சுன்னா தையில வேற வூடு பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வேறு வீடு என்பது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. நான் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடையும், மகளை விட்டுவிட்டுப் போகும் பால்வாடியும் அதே தெருவில் இருக்கின்றன. "கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்" என்றார் கணவர். பென்சில், பேனா, கிரேயான், என் மை எல்லாவற்றையும் அலமாரி உச்சியில் ஏற்றி வைத்தோம்.

என் மகளுக்கு அப்போது தெரிந்த வார்த்தைகளே கொஞ்சம். பாலு, காக்கா, வேணா, சூடு. கடைசி வார்த்தை நான் கற்றுக்கொடுத்தது. அடுப்பு சூடு, தோசைக்கல் சூடு, டீ டம்ளர் சூடு, தொடாதே. ஓனர் அம்மாவை 'ஆயா' என்று கூப்பிடச் சொல்லியிருந்தேன், அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த நாளுக்குப் பிறகு படியில் செருப்புச் சத்தம் கேட்டால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்து, "சூடு வர்து" என்றாள். முதல் தடவை நான் அடுப்பில் ஏதாவது வைத்து மறந்துவிட்டேனா என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். அடுப்பு அணைந்திருந்தது. படியில் ஓனர் அம்மா தொட்டியைப் பார்க்க ஏறிக்கொண்டிருந்தார்.

சூடு வைப்பேன் என்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்கிற பேச்சுதான், நானும் கேட்டு வளர்ந்தவள்தான். அவர் வைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஒரு வாரம் சுவரில் ஒரு கோடு விழவில்லை. கணவர் நிம்மதியாக இருந்தார். பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க, சுவர் மட்டும் சுத்தமாக இருக்கிற வீடு எனக்கு வேண்டாம்.

அந்த வாரக் கடைசியில் தேர்தல் விளம்பரத்துக்குச் சுவர் பிடிக்கக் கட்சிக்காரர்கள் வந்தார்கள். கடையிலிருந்து திரும்பும்போது பார்க்கிறேன், எங்கள் காம்பவுண்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, நீலத்தில் ஆள் உயர எழுத்தாக எழுதிக்கொண்டிருந்தார்கள். 'இந்தச் சுவர் புக்டு. நாலு பக்கமும்.' ஓனர் அம்மா சொம்பில் தண்ணீரோடு கேட் அருகில் நின்றிருந்தார்.

"ஒங்களக் கேட்டாங்களாம்மா?" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒனக்குத் தெரியாதும்மா. கேட்டா பிரச்சன. எலெக்சன் முடியற வரிக்கும்தானே, போவட்டும்."

மேலே வந்ததும் ஹாலில் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில், கிறுக்கலை மறைக்கப் போட்டிருந்த கட்டிலை இழுத்துப் போட்டேன். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷைத் தோய்த்து, சுவரின் மேல்பக்கத்தில் பெரிதாக எழுதினேன். 'இந்தச் சுவர் புக்டு. மத்த மூணும் ஓனருக்கு.' சின்னம் வேண்டுமே. மகள் எப்போதும் போடுகிற, நாலு கால் முளைத்த வட்டத்தைப் பக்கத்தில் போட்டேன். அது கோழியா, நாயா, நானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கணவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்று வாசித்தார். "வேற வூடு பாக்கணும் போலருக்குதே" என்றார்.

"பாக்கலாம்."

கிரேயானை இறக்கி மகளிடம் கொடுத்தேன். "இந்தச் செவுரு மட்டும் ஒனக்கு. மத்ததுல போடக் கூடாது." அவள் சுவரைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், கிரேயானோடு சேர்த்துக் கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

மறுநாள் காலையில் நானே கீழே போய் ஓனர் அம்மாவைக் கூட்டிவந்தேன். அவராகக் கண்டுபிடிக்கட்டும் என்று பயந்துகொண்டு காத்திருக்க எனக்கு இஷ்டமில்லை. அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"இன்னா திமிரும்மா ஒனக்கு!"

"திமிருதாங்க. வெளிய எழுதனவங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா? அவங்க ஆளு பெருசு, அவங்களுக்குத் தண்ணி குடுத்தீங்க. இது ரெண்டடி இருக்குது, இதுக்குச் சூடா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா? இது எம் வூடு."

"ஒங்க வூடுதாங்க, யாரு இல்லன்னா? காலி பண்ணும்போது நாலு செவுத்துக்கும் நாங்களே பெயிண்ட் அடிச்சுத் தரோம். தையிலயே போன்னாலும் போறோம். அது வரிக்கும் இந்தச் செவுரு இவளுது."

என் நைட்டிக்குப் பின்னால், இரண்டு கையையும் முதுகில் ஒளித்துக்கொண்டு நின்ற மகளை அவர் அப்போதுதான் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் இன்னா நெசமாவா சூடு வெக்கப் போறேன்? சும்மா பயம் காட்றதுதான்." குனிந்து, முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "இன்னா பாப்பா, நான் யாரு? சொல்லு" என்றார்.

மகள் தெளிவாகச் சொன்னாள். "சூடு."

அவர் நிமிர்ந்து சமையல்கட்டைப் பார்த்தார். "அடுப்புல இன்னாம்மா வெச்சிருக்க?"

"அடுப்புல ஒண்ணும் இல்லீங்க. ஒரு வாரமா ஒங்க பேரு அதுதான்."

அவர் படிக்குத் திரும்பினார். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மெதுவாக இறங்கினார். நான் சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, சொல்லத் தோன்றவும் இல்லை. மகள் அந்தச் செருப்புச் சத்தம் கடைசிப் படியைத் தாண்டும்வரை கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு கை முன்னால் வந்தது.

தை வந்தது, போயிற்று. வீட்டைக் காலி செய்யச் சொல்லி யாரும் பேசவில்லை. சந்தன வெள்ளைச் சுவரில் கோடு இப்போது கதவை எட்டிவிட்டது. படியில் சத்தம் கேட்டால் மகள் இன்னும் திரும்பிப் பார்க்கிறாள். சுவரிலிருந்து கையை மட்டும் எடுப்பதில்லை.