சங்காயத்தைக் கிளறிய அப்பா

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மூத்த மகளின் வணக்கம். டில்லியில் பிறந்து வளர்ந்த எனக்கு மோதி பாக் பள்ளியில் கற்ற தமிழ்தான் கைவசம். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊரில். கடலுக்குப் போன தாத்தா திரும்பாமல் போனபின், அப்பாவுக்கு இளையவரான சித்தப்பா பள்ளியை விட்டுவிட்டுப் படகேறினார். "ரெண்டு பேருமா கடலுக்குப் போவணும்? அண்ணன் படிக்கட்டும்" என்றாராம். அந்தச் சம்பாத்தியத்தில்தான் அப்பா மீன்வளம் படித்து, மத்திய அரசு வேலைக்கு டில்லி வந்து சேர்ந்தார். முதலில் கரோல் பாகில் ஓர் அறை. திருமணத்துக்குப் பின் மோதி பாக் குவார்ட்டர்ஸ்.

அவரோடு மீன் வாங்கப் போவது அம்மாவுக்குப் பெரிய சோதனை. "பையா, யே தோ பச்சா ஹை" என்று, இது குஞ்சாயிற்றே எனச் சின்ன மீனைத் தள்ளிவிடுவார். சினை மீனும் ஆகாது. கடைக்காரர் ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டு, "சாப், ஆப் பனீர் லே லீஜியே" என்றார், பேசாமல் பனீர் வாங்கிக்கொள்ளுங்கள் என்று. "ஒங்க அப்பா ஆபீசு வேலைய மீன் கடையிலயும் பாக்காவ" என்று அம்மா வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார்.

விடுமுறையில் ஊருக்குப் போனால் சித்தப்பாவின் விசைப்படகு வரும் நேரத்துக்குக் கரையில் நிற்போம். எல்லோரும் ஏலம் போடும் இடத்துக்கு ஓடுவார்கள். அப்பா நேரே சங்காயக் குவியலுக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். டில்லி நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: கடல் தரையை வாரிவரும் இழுவலையில் வேண்டாமல் சிக்கி, காய்ந்து கோழித்தீவனத்துக்குப் போகும் சில்லறை உயிர்கள்தான் சங்காயம். அதைக் கிளறிக் கிளறி எடுப்பார். விரல் நீள விளமீன் குஞ்சு, கணவாய் முட்டைக் கொத்து, வால் சுருட்டிய கடல்குதிரை, வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்த கடல்தாழைப் புல்.

"தம்பி, இந்தத் தாழை எலையப் பாருல. இதுல ஒட்டுன பாசிய இத்துனூண்டு எறா திங்கும். எறாவ இந்தக் குஞ்சு திங்கும். குஞ்சு வளந்து வெளிய போனா சீலா மீனு தொரத்தும். இதுல எதத் தனியாக் காப்பாத்த?"

"அதுக்கெல்லாம் ஏலத்துல வெல கெடையாதுண்ணே. எந்திரிங்க, சோறு ஆறுது."

நாற்றம் தாங்காமல் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற இடத்தில் ஒரு கடலே அப்பாவின் உள்ளங்கையில் இருந்தது. அதற்குப் பிறகு எந்தக் கடற்கரையில் நின்றாலும் தண்ணீருக்கு அடியில் இருப்பதை நினைத்து வாயடைத்துப் போகிறேன்.

பின்னாளில் அந்தக் கரைக்கான மீன்பிடி விதிகளைப் பரிந்துரைக்கும் குழுவில் அப்பா இருந்தார். குறைந்துவரும் இரண்டொரு மீன்களுக்கு மட்டும் பிடிக்கும் அளவு வைத்தால் போதும் என்றார்கள் மற்றவர்கள். அப்பா பிடிவாதம் பிடித்தார். தாழை வளரும் கரையோரத்தில் இழுவலையே கூடாது, அங்கே தரை அழிந்தால் மேலே நீந்தும் எதுவும் மிஞ்சாது என்றார். சித்தப்பாவின் சிறிய படகு அந்த ஓரத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆழத்துக்குப் போக அது தாங்காது.

சேதி கேட்டுச் சித்தப்பா ரயிலேறி வந்துவிட்டார். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"அண்ணே, நம்ம ஊர் ஓரத்த மட்டும் விட்டுருங்க. இதுவர ஒங்ககிட்ட ஒண்ணு கேட்டிருக்கேனா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "நம்ம ஊர் ஓரத்துலதாம்ல தாழை அடந்து கெடக்கு. அத விட்டுட்டு மத்தத அடச்சு என்ன பிரயோசனம்?"

"அப்ப எம் படகு?"

அம்மா கொண்டுவந்த காபியைத் தொடாமல் சித்தப்பா வெளியேறினார். அப்பா இன்னொரு ஆட்டோ பிடித்து ஸ்டேஷன்வரை பின்னாலேயே போனார். "திரும்பிக்கூடப் பாக்கல" என்று வந்து அம்மாவிடம் சொல்லி அழுதார்.

விதி வந்தது. சித்தப்பா படகை விற்றுவிட்டு ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். இரு வீட்டுக்கும் பேச்சு நின்றது. "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்று அப்பாவின் காதில் விழும்படி சொன்ன உறவினர்களும் இந்த மலரை வாசிப்பார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

கடைசி நாட்களில் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் சித்தப்பா வந்து நின்றார். கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"தாழை திரும்பப் பிடிச்சிருக்குண்ணே. விளமீன் ஓரத்துக்கே வருது. ஆமை வந்து மேயுது."

அப்பாவின் கண்கள் அகல விரிந்தன. "நீயே பாத்தியால?"

"பாத்தேன். இழுவல போடாத சின்ன வள்ளத்துக்காரங்க நல்லாப் பிடிக்காங்க. நான் ஐஸ் ஒடச்சுப் போடுதேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. மனிதன் கையை எடுத்ததும், செத்துப்போனதாக நினைத்த ஒரு கடல் தரை தானாக எழுந்திருக்கிறது. இதை எழுதும்போதும் எனக்கு நம்ப முடியவில்லை. அப்பா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று முழுதும் விடவில்லை.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், எங்களுக்குச் சுடச்சுட ரொட்டி செய்து அனுப்பிய பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டிக்கும், தோள் கொடுத்த அலுவலக நண்பர்களுக்கும், தொலைவிலிருந்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இரங்கல் கூட்டத்தில் பேசிய எல்லோரும், கடலுக்காக எதையும் இழக்கத் துணிந்தவர் என்று அப்பாவைப் புகழ்ந்தார்கள். மகளாகக் கேட்கப் பெருமையாக இருந்தது. ஆனால் அப்பாவின் சம்பளம் ஒரு மாதமும் நின்றதில்லை. பள்ளியை இழந்தவரும் படகை இழந்தவரும் சித்தப்பாதான். முதல்முறை அவராக மனமுவந்து கொடுத்தார். இரண்டாம்முறை அவரிடம் நாங்கள் பிடுங்கிக்கொண்டோம்.

சித்தப்பா, அப்பா செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அதற்கு விலை கொடுத்தவர் நீங்கள். இதை அப்பா உங்களிடம் சொல்லிவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஊரறிய நான் சொல்கிறேன்.