வகுப்பைப் பார்க்காமல் போட்ட மார்க்

ஆரணியில் பட்டு நெய்கிற குடும்பத்தில் பிறந்து, ஊருக்கு வெளியே இருந்த பி.எட். கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தும் முறையைக் கற்றுக்கொடுத்து வந்தவர் சிவப்பிரகாசம். எதிரில் இருப்பவர் குரலை உயர்த்தினால் போதும், தலையாட்டிவிடுவார்.

1997இல் அவரிடம் படிக்க வந்தாள் சேவூர் அன்புச்செல்வி. அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நடுகிறவர்கள். பயிற்சிக்காக ஓர் அரசுப் பள்ளியில் அவள் ஏழாம் வகுப்பு எடுத்தபோது, சிவப்பிரகாசம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்று கேட்டாள் அன்புச்செல்வி.

"நாலுல ஒண்ணுதான் டீச்சர்" என்றாள் ஒரு சிறுமி. வகுப்பே சிரித்தது.

அன்புச்செல்வி சிரிக்கவில்லை. "ஏன் அப்படித் தோணுச்சு, சொல்லு" என்று அந்தச் சிறுமியின் பக்கத்தில் போய்க் குந்தினாள். ஒரு காகிதத்தை மூன்றாகவும் இன்னொன்றை நான்காகவும் அவளையே மடிக்க வைத்தாள். இருபது வருஷத்தில் அப்படியொரு வகுப்பை சிவப்பிரகாசம் பார்த்ததில்லை.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் எந்த வகுப்புக்கும் போகவில்லை. ஒரே மதியத்தில் நாற்பது ரெகார்டு நோட்டுகளைப் புரட்டினார். மற்றவர்கள் ஆள் வைத்து வரைந்த படங்கள் பளபளத்தன. அன்புச்செல்வியின் நோட்டில் பாதிப் படங்கள் இல்லை.

"ரெகார்டே முடிக்காத பொண்ணு என்னத்த பாடம் எடுக்கும்?" என்று ஃபெயில் போட்டு, கூடவே கையெழுத்துப் போட வேண்டிய சிவப்பிரகாசத்திடம் மார்க் தாளை நீட்டினார்.

சிவப்பிரகாசம் வாயைத் திறந்தார், மூடினார், கையெழுத்துப் போட்டார்.

மறுபடி தேர்வு எழுத அவள் வரவில்லை. அந்த வருஷமே அப்பா படுத்த படுக்கையாகிவிட்டாராம்.

அதற்கப்புறம்தான் அவர் செய்முறைத் தேர்வை மாற்றச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு மனு எழுத ஆரம்பித்தார். பத்து வருஷம் விடவில்லை. கடைசியில் பாடத்திட்டக் குழுவில் அவரையும் சேர்த்தார்கள். தேர்வாளர் வகுப்பிலேயே உட்கார்ந்து மூன்று பாடங்களைப் பார்த்துத்தான் மார்க் போட வேண்டும். தப்பாகப் பதில் சொல்லும் பிள்ளையை எப்படி நடத்துகிறார்கள் என்பதற்குத் தனி மார்க். அவர் எழுதிக்கொடுத்தது அப்படியே நிறைவேறியது.

அன்று சாயங்காலமே சேவூருக்குப் போனார். செய்யாரிலிருந்து வந்த செருப்புக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள் அன்புச்செல்வி. நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

"நல்லதுங்க சார். இனிமே வர்ற புள்ளைங்களுக்காவது ஆவும்."

"நீயும் திரும்பச் சேரும்மா. நான் பேசறேன்."

"எட்டு வருஷம் நடவுக்குப் போனேன். இப்ப கம்பெனியில செருப்புக்கு அட்டை ஒட்டிகினு இருக்கறேன். போர்டு முன்னாடி நின்னு பாடம் எடுக்க இனிமே எனக்கு வராது சார்."

பிறகு கோபமே இல்லாத குரலில் கேட்டாள்: "என் கிளாஸை முழுசா பார்த்தது நீங்க ஒருத்தர்தான். அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

"தப்புதான்மா" என்றார். அது அவளுக்குக் கேட்டதோ என்னவோ.

அடுத்த வருஷம் புதுத் திட்டத்தில் முதல் தேர்வு நடந்தது. முப்பத்தாறு பேர் தேறினார்கள். கல்லூரியில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு, சிவப்பிரகாசம் வீட்டிலேயே இருந்துவிட்டார்.