செங்கோட்டை வண்டியும் செவ்வாயும்

சாரல் காலத்தில் பசை காயாது. செய்தித்தாளில் வரும் செவ்வாய்க் கிரகப் படங்களை வெட்டி, மைதாப் பசை தடவி, வசந்தி அக்கா எங்கள் அறை அலமாரிக் கதவில் ஒட்டுவாள். மேலகரத்து ஈரக்காற்றில் அவை நாள்கணக்கில் நசநசவென்று கிடந்து புளித்த வாடை அடிக்கும். செவ்வாய் என்றால் எனக்கு இன்றும் முதலில் அந்த வாடைதான் வருகிறது.

நம் நாட்டு விண்கலம் செவ்வாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வருஷம் அது. அக்கா இயற்பியலில் முதுகலை முடித்திருந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடமும் கிடைத்திருந்தது. செவ்வாயின் காற்றில் மீத்தேன் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி ஒன்று அந்தக் கலத்தில் இருந்தது. அதுபோன்ற கருவிகளைச் செய்யவேண்டும் என்பதே அவள் ஆசை. எனக்குப் பதின்மூன்று வயது, அவள் சொல்வதில் பாதி புரியாது. ஒன்று மட்டும் மனதில் நின்றது. "இங்கன இருந்து ஒரு வார்த்த அங்கன போய்ச் சேர பன்னெண்டு நிமிஷம் ஆவும்ட்டி. கடைசி நேரத்துல பதறி ஒண்ணும் செய்ய முடியாது. சொல்லவேண்டியத முன்னாடியே சொல்லி வச்சிரணும்" என்றாள்.

எங்கள் வீட்டில் செவ்வாய் வேறு வழியாகவும் நுழைந்திருந்தது. அக்கா ஜாதகத்தில் ஏழாம் வீட்டில் செவ்வாய், "கடும் தோஷம்". அதே தோஷமுள்ள மாப்பிள்ளைதான் பொருந்தும் என்று அப்பா அலைந்து திரிந்து, ஆலங்குளத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஒருவரைப் பிடித்தார். படித்து முடித்துவிடுகிறேன் என்று அக்கா அழுதாள். இனி இப்படி ஒரு ஜாதகம் அமையுமா என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். பொருத்தம் பார்த்த ஜோசியர், "நேரம் சரிதானா? ரெண்டு மணி நேரம் முன்னப்பின்ன இருந்தா லக்கினமே மாறிரும், செவ்வா ஏழுல இருக்காது" என்று கேட்டதற்கு, "ரெயில்வே டயம் அண்ணாச்சி, அதுல தப்பு வராது" என்றார் அப்பா, பெருமையாக.

அக்கா பிறந்த ஆஸ்பத்திரி தென்காசி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்தது. கைக்கடிகாரத்தை வீட்டில் மறந்துவிட்டு ஓடிவந்த அப்பா, பிள்ளை அழுத நேரத்தில் செங்கோட்டை வண்டி ஊதியதைக் கேட்டு, அட்டவணையில் அந்த வண்டிக்குப் போட்டிருந்த நேரத்தையே பிறந்த நேரமாக எழுதி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பலரும் வண்டிச் சத்தத்தைக் கேட்டுத்தான் உலை வைத்தார்கள்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு வந்து இறங்கிய மாமா, அம்மாவின் தம்பி, முறுக்கைக் கடித்துக்கொண்டே என்னிடம் பழங்கதை பேசினார். "ஒங்க அக்கா பொறந்த அன்னைக்கு நான் அந்த வண்டியிலதான் வாறேன். பாவூர்சத்திரத்துல இஞ்சின் மக்கர் பண்ணி ரெண்டு மணி நேரம் நின்னுபோச்சு. தென்காசியில எறங்கி ஓடுதேன், அப்பதான் பிள்ள பொறந்திருக்குன்னு சொல்லுதாவ" என்று சிரித்தார்.

ஜாதகம் எழுதிய விவரம் மாமாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வண்டி தாமதம், எழுதிய நேரம் தப்பு, அக்காவுக்குத் தோஷமே இல்லை. தோஷமில்லாத பெண்ணை அந்த வீட்டார் எடுக்கமாட்டார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம் நின்றுவிடும், அக்கா படிக்கப் போய்விடுவாள்.

நான் சொல்லவில்லை. திருவனந்தபுரம் போனால் தன் நீலநிற சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போவேன் என்று அக்கா சொல்லியிருந்தாள். அவள் கல்யாணமாகிப் போனால் அது எனக்கு என்று அம்மா சொல்லியிருந்தாள். இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஆவணியில் கல்யாணம் முடிந்தது. கலம் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய காலையில், டிவியில் விஞ்ஞானிகள் கைதட்டிக்கொண்டிருக்க, அக்காவுக்குப் போன் செய்தேன். "மாவு ஆட்டுதேன், பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் வானத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

போன சாரலில்தான், ஆலங்குளத்துக்குப் போய், எல்லாவற்றையும் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்தாமல் கேட்டாள். பிறகு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லாட்டி" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அன்றிலிருந்து அவள் போன் வருவதில்லை.

ஆறு மாதத்துக்கென்று அனுப்பிய அந்தக் கலம் எட்டு வருஷம் போல உழைத்துவிட்டு ஊமையாகிவிட்டது. வண்டிச் சத்தத்தில் நேரம் பார்ப்பவர்கள் யாரும் இப்போது இல்லை. அலமாரிக் கதவில் படங்களைச் சுரண்டிய இடம் மட்டும் வெளிறிக் கிடக்கிறது. அந்த நீல சைக்கிளை நான் ஓட்டியது இரண்டே வருஷம். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சும்மா கொடுத்த சைக்கிள் எனக்கும் வந்துவிட்டது.