பொய் மழை

என் அப்பா நாற்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்தவர். முதலாளி தோட்டத்தை விற்றதும் செண்டாயானில் நான் வாங்கிய வீட்டுக்கு வந்தார், மறதியும் கூடவே வந்தது. ஆட்களை மறந்தார், பெரட்டை மறக்கவில்லை. விடியுமுன் மேற்பார்வை மண்டோர் ஆள் கணக்கெடுக்கும் அந்த வரிசைக்குத் தினமும் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார். ஒருநாள் லோரிகள் பறக்கும் சாலை நடுவில் நின்றவரைப் பிடித்து இழுத்து வந்தேன்.

கேட்டைப் பூட்டினால் உலுக்குவார். "மண்டோரு பேர வெட்டிருவாரு, வுடு பிள்ள."

மழை பெய்தால் பட்டை ஈரம், பால்வெட்டு கிடையாது. தோட்டத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா? ரப்பர் குழாயை எடுத்து, கார் நிற்கும் தகரக் கூரைமேல் தண்ணீரைப் பீய்ச்சினேன்.

"மழப்பா. இன்னிக்கு பெரட்டு இல்லையாம்."

அண்ணாந்து கேட்டவர், சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு நல்ல தூக்கமே கிடைத்தது. மூன்று மாதம் இப்படித்தான் மழை பெய்தது. என் கெட்டிக்காரத்தனத்தை வேலையிடத்தில் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

பிறகு படுத்த படுக்கையானார். கஞ்சிகூட இறங்கவில்லை. ஒரு காலை, நல்ல வெயில், "மழ விட்டுருச்சா?" என்றார். பழக்கதோஷத்தில் "இல்லப்பா" என்றேன்.

"அப்ப உங்கம்மா மரத்தடியில நனஞ்சுகிட்டு நிக்குமே. கொட கொண்டாறேன்னு சொல்லியிருந்தேன்."

அம்மா செத்து ஒன்பது வருடம். நான் நிம்மதியாகத் தூங்கிய காலைகளிலெல்லாம், இவர் கண்ணை மூடிக்கொண்டு அம்மாவை மழையில் நிறுத்தி வைத்திருந்திருக்கிறார்.

மழை விட்டுவிட்டது, அம்மா வந்துவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். பாழும் புத்திக்கு எட்டவில்லை. "நான் குடுத்துட்டு வர்றேன்பா" என்று குடையை எடுத்தேன். ஜன்னல் வழியே பார்ப்பார் என்று விரித்தபடியே நடந்து, முனையில் பத்து நிமிடம் அழுதுகொண்டு நின்றேன். வெயிலுக்குத்தான் குடை என்று தெருவில் நினைத்திருப்பார்கள்.

திரும்பி வந்து, "குடுத்துட்டேன்பா, அம்மா நனையல" என்றேன். மூச்சில்லை. நான் வாசலைத் தாண்டும்போதே போனாரா, காத்திருந்து பார்த்துவிட்டுப் போனாரா, தெரியாது. பிள்ளை கையால் கடைசிப் பால்கூட வாயில் விழவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை.