உரும்பிராயில் மலிவாய் நின்ற மோட்டார் சைக்கிள்

1992ஆம் ஆண்டு வைகாசியில் குருநகர் சந்தியோகுவுக்கு நாற்பத்தொரு வயது. அதில் பாதிக் காலம் சைக்கிளில் மீன் விற்றவர். எதையும் லேசில் நம்பமாட்டார். தங்கைக்கு வந்த மாப்பிள்ளையைக்கூட மூன்று ஊரில் விசாரித்த பிறகுதான் வீட்டுக்குள் விட்டார். அப்படிப்பட்டவருக்கு அந்த மாதம் அவசரமாய் ஒரு மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது.

தார் ரோட்டு சண்டையில் ஷெல் விழுந்து குழி குழியாய்க் கிடந்தது. அவர் மீன் விற்கிற நீர்வேலிக்குப் போவதென்றால் பனங்காணிகளுக்கு ஊடாகப் போகிற ஒழுங்கை மணலில் சைக்கிளை உருட்டவேண்டும். மின்சாரம் இல்லை, ஐஸும் இல்லை. சந்திக்குப் போய்ச் சேர முன்னம் ஓரா மீனின் வயிறு இளகிவிடும். பெண்கள் விரலால் அமத்திப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினார்கள். மற்ற ஊர்களிலெல்லாம் வேறு வியாபாரிகள் நின்றார்கள். நீர்வேலி கைவிட்டுப் போனால் தொழிலே போச்சு.

உரும்பிராய்த் தோட்டக்காரர் பஞ்சலிங்கம் இரண்டு மோட்டார் சைக்கிள் விற்கிறாரென்று கேள்விப்பட்டு, மனைவி மார்கிரட்டையும் கூட்டிக்கொண்டு போனார். ஒன்று எல்லோரும் ஓடுகிற, எஞ்சின் நிலத்துக்குக் கிட்ட இருக்கிற தாழ்ந்த வகை. மற்றது மணலுக்கும் மேடு பள்ளத்துக்குமென்றே செய்த ட்ரெயில் வண்டி: எஞ்சின் உயரத்தில், மட்காட் சில்லைத் தொடாமல் மேலே நிமிர்ந்து, டயர் முழுக்கப் பல். விலை கேட்டால், உயர்ந்தது தாழ்ந்ததைவிட மலிவு.

சந்தியோகுவின் முகம் மாறியது. எஞ்சினில் கையை வைத்தார். சூடு.

"அண்ணை, நாங்கள் வாறதுக்கு முன்னம் ஏன் ஓட்டினனீங்கள்?"

"தோட்டத்துக்குப் போட்டு வந்தனான், தம்பி. அதுக்கும் உன்னட்டைக் கேக்கோணுமே?"

பெற்றோலுக்குத் தடை; மண்ணெண்ணெயில் வண்டி ஓடிய காலம். சூடாயிருந்தால் எந்தக் கிழட்டு எஞ்சினும் பிடிக்கும். ஆறினால்தான் குணம் தெரியும். சந்தியோகு அங்கேயே குந்திவிட்டார்.

"ஆறட்டும்."

"உதென்ன, கஞ்சியே?" என்று சிரித்தார் பஞ்சலிங்கம்.

தேத்தண்ணி வந்தது. குடித்து முடித்தும் சந்தியோகு எழும்பவில்லை. எஞ்சின் நன்றாய் ஆறிய பிறகு, பஞ்சலிங்கம் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற சூப்பிப் போத்தலால் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உதைத்தார். முதல் உதையிலேயே பிடித்தது. சங்கிலி, பிரேக், இலக்கத் தகடு எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு குறையும் இல்லை. அதுதான் சந்தியோகுவுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

"களவு வண்டியோ?" என்று மனைவியின் காதுக்குள் கேட்டார்.

"பொறுங்கோ, வாறன்."

கிணற்றடியில் பஞ்சலிங்கத்தின் மனைவி குணலட்சுமி உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அவளோடு கதைத்துவிட்டுத் திரும்பிய மார்கிரட் குரலைத் தாழ்த்தவில்லை.

"இஞ்சருங்கோ, வந்த வழியிலை பிழையில்லை. இனிப் போற வழிதான் பிழை. இயக்கப் பெடியள் இரண்டு தரம் வந்து கேட்டவையாம். மணலிலை ஓட அவைக்கும் உதுதான் வேணுமாம்."

பஞ்சலிங்கம் சுருட்டைப் பற்றவைத்தார். "ஓம். மூண்டாம் தரம் கேக்கமாட்டினம், கொண்டு போவினம். மற்றதை அவை திரும்பியும் பாக்கேல்லை."

"முதலே சொல்லியிருக்கலாமே, அண்ணை?"

"சொன்னா நீ குந்தியிருப்பியோ?"

தாழ்ந்த வண்டியை ஒழுங்கை மணலில் ஓட்டிக் காட்டச் சொன்னார் சந்தியோகு. படலை தாண்டிக் கொஞ்சத் தூரத்திலேயே அதன் வயிறு மணலில் உட்கார்ந்தது. பஞ்சலிங்கம் இறங்கித் தள்ளினார். சந்தியோகு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு மாதமெண்டாலும் மீன் துடிக்கத் துடிக்கப் போகட்டும்" என்றாள் மார்கிரட். "பெட்டியைக் கழுவாமல் பின்னாலை கட்டுங்கோ. அந்த மணத்துக்கு எவன் கிட்ட வருவான்?"

சந்தியோகு உயர்ந்த வண்டியின் சீற்றில் கையை வைத்தார். "இன்னும் குறையுங்கோ, அண்ணை. நாளைக்குப் போற சாமானுக்கு இந்த விலையோ?"

பஞ்சலிங்கம் குறைத்தார். சந்தியோகு நாலைந்து நாள் கடற்கரையில் விழுந்தெழும்பி ஓடப் பழகினார். அடுத்த கிழமை நீர்வேலிச் சந்தியில் பெட்டி இறக்கிய கையோடு ஓரா விற்று முடிந்தது.

ஆவணியில் பெடியள் வந்தார்கள். மீன் பெட்டியை அவிழ்த்துப் படலையடியில் வைத்துவிட்டு வண்டியைக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலை சந்தியோகு அந்தப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நீர்வேலிக்கு வெளிக்கிட்டார்.